மறு அறிவித்தல் வரை

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி, 2025 ஜூலை 9

"டீச்சர், காலையில இருந்து ஆப்கானிஸ்தான் செய்தியாவே போட்டுக்கிட்டு இருக்கீங்க. நம்ம மலையகச் சனம் இன்னும் வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்துல கட்டின லயத்துல, அந்த வரிசை வீட்டுல கிடக்குது. காணி உறுதி இல்ல, வீட்டுக்கு ஒழுங்கா ஒரு விலாசம் இல்ல. நம்ம கூரை ஒழுகுறப்ப காபூலுக்கு எதுக்கு ஓடு மாத்தணும்? அது அவங்க நாடு, அவங்க கலாசாரம். நமக்கு என்ன வந்துச்சு?"

ஜூலை 9, இரவு 10.20

என் தாத்தாவுக்கு 1950கள்ல ஒரு கடிதம் வந்துச்சு. இங்கிலீஷ்ல. அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கணக்கப்பிள்ளை வீட்டு வாசல்ல தலைப்பாகையைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னு, "என்னா போட்டிருக்குங்கய்யா"ன்னு கேட்டாராம். பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளுபடி. அவர் பொறந்தது இந்த மலையில. கவ்வாத்துக் கத்தி பிடிச்சுக் காப்புக் காய்ச்ச கையும் இந்த மலையில ஆனதுதான்.

1947 தேர்தல்ல தோட்டத்து சனம் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புச்சு. 1948இல 18ஆம் இலக்கச் சட்டம் வந்து பிரஜாவுரிமை போச்சு. அடுத்த வருசம் வாக்கும் போச்சு. 1952 தேர்தல் முடிஞ்சப்ப அந்த ஏழு இடத்துல ஒண்ணு கூட நம்மகிட்ட இல்ல. யாரும் லயத்துக்குள்ள பூந்து அடிக்கல. காகிதத்துலயே எல்லாம் முடிஞ்சிருச்சு.

இப்ப காபூலுக்கு வாங்க. 2022 டிசம்பர் 20. தாலிபான் அரசாங்கத்து உயர்கல்வி அமைச்சு எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் அனுப்புச்சு. பெண்களோட படிப்பு மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுதுன்னு. அடுத்த நாள் காலையில பிள்ளைங்க கெம்பஸ் வாசலுக்கு வந்தா, துப்பாக்கியோட நிக்கிறவங்க திரும்பிப் போகச் சொல்றாங்க. நம்ம பக்கம் மண்சரிவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடினாலும் "மறு அறிவித்தல் வரை"ன்னுதான் போடுவாங்க. நாலு நாள்ல திறந்துருவாங்கன்னு நம்பி வாசிக்கிற சொல்லு அது. என் தாத்தா குடும்பத்துக்கு அந்த மறு அறிவித்தல், பிரஜாவுரிமை குடுத்த சட்டம், வந்தது 2003இல. தாத்தா 1981லயே போய்ச் சேர்ந்துட்டார்.

நேத்து ஹேக்ல இருக்கிற சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹிபதுல்லா அகுந்த்சாதாவுக்கும் அவங்க பிரதம நீதியரசர் அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் பிடியாணை போட்டிருக்கு. பெண்ணாப் பொறந்ததுக்காகவே ஒரு சனத்தைத் துன்புறுத்துறது மனித குலத்துக்கு எதிரான குற்றம்னு. தம்பி கேட்ட "நமக்கு என்ன வந்துச்சு"க்கு என் பதில் இதுதான்: காகிதத்தால உரிமை போனா எப்படி இருக்கும்னு சொல்லித் தர வேண்டிய அவசியம் இல்லாத சனம் நாம.

கலாசாரம்னு சொன்னீங்க. காபூல்ல பெண் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம் திறந்தது 1921இல, அமானுல்லா ராஜா காலத்துல. நம்ம தோட்டங்கள்ல துண்டு முறையை, கடன் சீட்டுல தொழிலாளியைக் கட்டி வச்ச முறையை, ஒழிச்சதும் அதே 1921. கங்காணி கையில இருந்து துண்டு கிடைக்காம நம்ம பாட்டன்மார் பக்கத்துத் தோட்டத்துல பேர் பதிய முடியாம நின்னது அதுக்கு முந்தின வருசம் வரைக்கும். எந்தக் கலாசாரம் யாருடையதுன்னு பேசுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஜூலை 10, காலை 5.40

திருத்தம். நேத்து ராத்திரி கீழ ஒரு அக்காவுக்குப் பதில் சொல்றப்ப 72 மைல்னு எழுதிட்டேன். 72 கிலோமீட்டர். 2021 டிசம்பர்ல தாலிபான் போட்ட உத்தரவு அது. அதுக்கு மேல தூரம் போற பொம்பளையை, கூட நெருங்கின ஆம்பளை உறவு இல்லாம வண்டியில ஏத்தக் கூடாது. அந்த ஆம்பளைக்கு மஹ்ரம்னு பேர்.

எங்க அம்மாவுக்குக் கண்டியில கதிர் சிகிச்சை நடந்துச்சு, ஆறு கிழமை. அப்பா இல்ல. தம்பி கட்டார்ல. மஸ்கெலியாவிலிருந்து விடிகாலை பஸ்ஸுல நானும் அம்மாவும்தான். கினிகத்தேனை வளைவுல அம்மாவுக்கு வாந்தி வரும்னு மடியில ஒரு பொலித்தீன் பேக், ஒரு எலுமிச்சம்பழம். மஸ்கெலியா கண்டி தூரம் 72ஐத் தாண்டும். அந்த உத்தரவு இங்க இருந்திருந்தா கண்டக்டர் எங்க ரெண்டு பேரையும் ரோட்டுலயே விட்டிருப்பார். அம்மா அதுக்கப்புறம் ஆறு வருசம் இருந்தாங்க.

பஸ்ஸுக்கு நேரமாச்சு.

ஜூலை 12, இரவு

சாதாரண தர ரிசல்ட் இந்த வாரம் வந்துச்சு. எங்க பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு மனசு முழுக்கப் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒண்ணு மேலதான். மூணு வாரமா இடாப்புல பேருக்கு நேரே சைபர்.

இன்னைக்கு மேல் டிவிசனுக்கு நடந்து போனேன். பீலிக்கரையைத் தாண்டி மூணாவது லயம், கடைசிக் காம்பரா. தாய் இஸ்தோப்புல உக்காந்து கால்ல அட்டை கடிச்ச இடத்துக்குச் சுண்ணாம்பு வச்சுக்கிட்டிருந்தா. கொழுந்து பறிக்கிறப்ப கட்டுற படங்கு இன்னும் இடுப்புல இருந்துச்சு, அவுக்கல. பிள்ளை என்னைக் கண்டதும் அடுப்படிக்குள்ள போயிட்டா.

"கொழும்புல ஒரு வீடு சொல்லியிருக்காங்க டீச்சர். நல்ல மனுசங்களாம். டிவி எல்லாம் இருக்காம்."

"பிள்ளைக்கு பதினஞ்சு வயசு."

"எனக்குப் பன்னெண்டுல தோட்டத்துல பேர் பதிஞ்சாங்க."

நான் சட்டம் பேசல. 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்விங்கிறது அந்தத் தாய்க்கும் தெரியும். பிள்ளைக்குச் சப்பாத்து கிழிஞ்சிருச்சு, வாங்கப் போன மாசம் காசு இல்ல, அதான் முதல் வாரம் வரல. அப்புறம் வெக்கம். அப்புறம் கொழும்பு. இவ்வளவுதான் கதை. சப்பாத்துக்கு நான் பார்க்கிறேன், திங்கக்கிழமை அனுப்புன்னு சொன்னேன். தாய் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ஒரு பிளேன்டி ஊத்திக் குடுத்தா, சீனியைக் கையில தனியாத் தந்தா.

இறங்கி வர்றப்ப, அங்கயும் இங்கயும் ஒண்ணுதான்னு எழுதணும்னு நினைச்சேன். எழுதியும் வச்சேன். அப்புறம் அழிச்சிட்டேன். ஒண்ணு இல்ல. இங்க பிள்ளையை நிறுத்துறது இல்லாமை. நான் ஒரு சனிக்கிழமை மலையேறிப் போய் அந்தப் பிள்ளையைக் கூப்பிடலாம், யாரும் என்னைத் தடுக்க மாட்டாங்க. அங்க மதியுல்லா வேசான்னு ஒருத்தர், பதினாலு பதினஞ்சு வருசமா மோட்டார் சைக்கிள்ல புத்தகம் கட்டிக்கிட்டுக் கிராமம் கிராமமாப் போயி, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கன்னு பெரியவங்ககிட்டப் பேசிக்கிட்டிருந்தவர். 2023 மார்ச்சுல பிடிச்சு உள்ள போட்டாங்க. ஏழு மாசம். நான் இன்னைக்குச் செஞ்ச அதே வேலைக்கு.

ஜூலை 13

ஒரு அண்ணன் எழுதியிருக்கார்: அமெரிக்கா இருபது வருசம் குண்டு போட்ட கதையை ஏன் சொல்லலன்னு.

சொல்றேன். 2021 ஆகஸ்ட் 29, படை கிளம்புறதுக்கு முந்தின நாள், காபூல்ல ஒரு வீட்டு முற்றத்துல ட்ரோன் தாக்கி பத்து பேர் செத்தாங்க. ஏழு பேர் குழந்தைங்க. முதல்ல பயங்கரவாதின்னாங்க, அப்புறம் தப்பு நடந்துருச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. யாரும் தண்டிக்கப்படல. அந்த நாட்டு மத்திய வங்கிப் பணம் 700 கோடி டொலர் அமெரிக்காவுல முடங்கிச்சு, அந்தப் பனிக்காலத்துல சனம் பட்டினி கிடந்துச்சு. சர்வதேச குற்றவியல் நீதிமன்ற வழக்குரைஞரே 2021 செப்டம்பர்ல, தாலிபானையும் ஐஎஸ்ஸையும் முதல்ல பார்ப்போம், மத்தவங்க பிறகுன்னு சொல்லி அமெரிக்கப் படை விசாரணையைப் பின்னுக்குத் தள்ளிட்டார். அதுவும் அநியாயம். அந்த அநியாயத்துக்குத் தண்டனையா ஏழாம் வகுப்புப் பிள்ளையை வீட்டுல பூட்டணும்னு எந்த நியாயத்துல வருது, அண்ணே?

ஜூலை 14

மேல எழுதினதெல்லாம் பொம்பளைங்களைப் பத்தியே இருக்குன்னு மருமகன் சொன்னான். சரிதான்.

தாலிபான் பொது மன்னிப்புன்னு சொல்லித்தான் உள்ள வந்தாங்க. பழைய அரசாங்கத்துல வேலை செஞ்சவங்க, பொலிஸ், ஆமி, யாரையும் தொட மாட்டோம்னாங்க. ரெண்டு வருசத்துல அப்படிப்பட்டவங்க 218 பேர் விசாரணை இல்லாமக் கொல்லப்பட்டதை ஐ.நா. பதிவு செஞ்சிருக்கு. 2022 டிசம்பர்ல ஃபராவுல சனம் கூடிப் பார்க்க முதல் மரண தண்டனை. விளையாட்டு மைதானத்துல கசையடி. ஹெராத்துல 2023 ஜூலையில கிட்டாரையும் தபேலாவையும் ஆர்மோனியத்தையும் குமிச்சு வச்சுக் கொளுத்தினாங்க.

இந்தக் கடைசிச் செய்தி வந்தப்ப எனக்கு எங்க லயத்துத் தப்பு மேளம்தான் ஞாபகம் வந்துச்சு. காமன் கூத்துக்கு முந்தி ராத்திரி வைக்கோல் தீயில தோலைக் காய்ச்சுவாங்க. கிட்டக் காட்டி எடுத்து, விரலால தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுவாங்க. நெருப்பு கிட்ட வாத்தியத்தை எவ்வளவு பக்குவமாப் பிடிக்கணும்னு சொல்லித் தந்த மனுசன் எங்க பெரியப்பா. அதே நெருப்புல தூக்கிப் போடச் சொன்னா அவர் என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சேன். முடியல.

ஜூலை 20

ஒருத்தர் "அந்த மதமே அப்படித்தான்"னு எழுதியிருந்தார். அதுக்கு எட்டுப் பேர் விருப்பம் போட்டிருக்கீங்க. எனக்குக் கோபம் வந்துச்சு. ரெண்டு நாள் எழுதல.

கெய்ரோ அல் அஸ்ஹர் தெரியுமா? சுன்னி முஸ்லிம்களோட பெரிய கல்வி பீடம். அதோட தலைவர் இமாம் அஹ்மத் அல் தய்யிப், பல்கலைக்கழகத் தடை வந்த அந்த வாரமே, இது ஷரீஆவுக்கு மாறுன்னு வெளிப்படையாச் சொன்னார். தாலிபானுக்குள்ளயே அப்பாஸ் ஸ்தானிக்சாய்னு பிரதி வெளிநாட்டமைச்சர் இந்த வருசம் ஜனவரியில, ரெண்டு கோடிப் பேருக்கு அநியாயம் செய்றோம்னு பேசிட்டு நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு. ஹட்டன், கம்பளை, அக்குறணைப் பக்கம் எத்தனை முஸ்லிம் டீச்சர்மார்? நம்ம பிள்ளைங்களுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் படிச்சுக் குடுத்தது யாரு?

இன்னொண்ணும் சொல்லணும். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுக்கு அப்புறம் முகத்தை மூடக் கூடாதுன்னு இங்க அவசர கால உத்தரவு வந்துச்சு. முகத்தை மட்டும்தான். நானும் என்னோட படிப்பிக்கிற ஒரு முஸ்லிம் டீச்சரும் ஒரு ஆபீஸுக்குப் போனோம். அவங்க முகம் திறந்துதான் இருந்துச்சு, தலையில முக்காடு மட்டும். வாசல்ல நின்னவர் முக்காட்டையும் எடுக்கச் சொன்னார். அவங்க, சட்டம் அப்படி இல்லன்னு சொன்னாங்க. அவர் கேக்கல. பின்னால நின்ன சனம் முணுமுணுத்துச்சு. நான் பக்கத்துல நின்னேன், வாயைத் திறக்கல. வேலை முடியட்டும்னு நினைச்சேன். டீச்சர் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாங்க. நான் உள்ள போய்ப் படிவம் குடுத்துட்டு வந்தேன்.

போடச் சொல்லி மிரட்டுறதும் எடுக்கச் சொல்லி மிரட்டுறதும் ஒரே கைதான்னு அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆறு வருசம் கழிச்சு இங்க எழுதுறேன். அவங்ககிட்ட நேர்ல சொல்லிட்டேன், போன வருசம்.

ஜூலை 27

ஈரான்ல இருந்து ஆப்கான் சனத்தைத் திருப்பி அனுப்புற படங்களைப் பார்த்தீங்களா? இந்த வருசம் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல. பாகிஸ்தான் 2023லயே தொடங்கிருச்சு. ஈரான்ல பொறந்து வளர்ந்து அங்கயே பத்தாம் வகுப்பு படிச்ச பிள்ளை, எல்லையைத் தாண்டின அந்த நிமிசத்துல இருந்து படிக்கத் தடை செய்யப்பட்டவ.

எங்க பெரிய தாத்தா குடும்பம் 1964 ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு எழுதப்பட்டவங்க. ரெண்டு நாட்டுப் பிரதமர்மார் சிறிமாவும் சாஸ்திரியும் உக்காந்து பிரிச்ச கணக்கு: 5,25,000 பேர் அங்க, 3,00,000 பேர் இங்க, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்ப்போம். ஹட்டன் ஸ்டேசன்ல கோச்சி ஏறி, தலைமன்னார்ல கப்பல் ஏறி, மண்டபம் முகாம்ல இறங்கி, கடைசியில நீலகிரியில தேயிலைக்கே போனாங்க. அம்மாயி சொல்லும்: கோச்சி அசையுறப்ப உள்ள இருந்தவங்களும் வெளியில நின்னவங்களும் ஒரே குரல்ல ஒப்பாரி வச்சாங்கன்னு. அம்மாயி கையில அவங்க விட்டுட்டுப் போன அம்மி. அது இன்னும் எங்க வீட்டுல இருக்கு.

தம்பி, முதல் கேள்வியில நீங்க "அவங்க நாடு"ன்னு ஒரு சொல்லு போட்டீங்க. எல்லையில இறக்கி விட்ட பிள்ளைக்கிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.

ஆகஸ்ட் 3

பொகவந்தலாவையில இருந்து ஒரு அக்கா: "நம்ம ஆம்பளைங்க மட்டும் என்ன? எங்கம்மா சம்பளத்தை எங்கப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்குவார்."

எங்க வீட்டுலயும் அதேதான். சம்பள நாள்ல அம்மா மலையில நிக்கும், அப்பா பெரட்டுக் களத்துல வரிசையில நிப்பார். ஒரு கையால அம்மா சம்பளம், மறு கையால அவர் சம்பளம். நேரா டவுனுக்குப் போவார். ராத்திரி வந்து மிச்சத்தைக் குடுப்பார், மிச்சம் இருந்தா. 1984 வரைக்கும் அம்மா கூடையை நிரப்பினாலும் ஆம்பளைக்குக் குடுத்த நாள் சம்பளம் பொம்பளைக்கு இல்ல. அந்த வருசம் வேலை நிறுத்தம் நடந்துதான் சமமாச்சு. 2013இல வெளிநாடு போற பொம்பளைக்கு மட்டும் குடும்பப் பின்னணி அறிக்கைன்னு ஒண்ணு வந்துச்சு. புருசன் சம்மதம் வேணும், சின்னப் பிள்ளை இருந்தா போகக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு. ஆம்பளைக்கு அப்படி ஒரு காகிதம் யாரும் கேக்கல.

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஜூலை 12இல நான் இங்க இல்லாமைன்னு மட்டும் எழுதினது பாதிதான். இங்கயும் பொம்பளையைக் காவல் காக்கிற எண்ணம் இருக்கு. அங்க அந்த எண்ணம் துப்பாக்கியும் முத்திரையும் வாங்கிருச்சு. 2022 மே மாச உத்தரவுல முகம் மூடாத பொம்பளைக்குத் தண்டனை அவளுக்கு இல்ல, அவ அப்பனுக்கும் அண்ணனுக்கும். வேலை போகும், சிறை போகலாம். வீட்டுல நல்லவனா இருக்கிற ஆம்பளையையும் காவல்காரனா மாத்துற வழி அது. எங்கப்பாவைக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். அவர் கையில அப்படி ஒரு உத்தரவு இருந்திருந்தா என்ன ஆகியிருப்பார்னு நினைக்கப் பயமா இருக்கு.

ஆகஸ்ட் 15

நாலு வருசம். 2021இல இதே நாள் தாலிபான் காபூலுக்குள்ள வந்தாங்க.

எங்க பத்தாம் ஆண்டுக்கு இன்னைக்குக் கணக்கு போட்டுச் சொன்னேன். அன்னைக்கு ஆறாம் வகுப்புல இருந்த காபூல் பிள்ளை இன்னைக்கு உங்களோட உக்காந்திருக்கணும். 2021 செப்டம்பர் 18இல ஆறாம் வகுப்புக்கு மேல ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு மட்டும் திறந்தாங்க. 2022 மார்ச் 23இல பெண் பிள்ளைங்களுக்கும்னு அறிவிச்சு, பிள்ளைங்க உடுப்பைத் தேய்ச்சுப் போட்டுட்டு வந்து உக்காந்து, சில மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்தக் காலையில அழுதுக்கிட்டே வெளிய வந்த முகங்களைப் படத்துல பார்த்திருப்பீங்க. அதுக்கப்புறம் கெம்பஸ். அப்புறம் தொண்டு நிறுவன வேலை. அப்புறம் அழகு நிலையம். 2024 ஆகஸ்ட்ல 35 பிரிவோட ஒரு சட்டம், பொம்பளை குரல் வெளிய கேக்கக் கூடாதுன்னு. டிசம்பர்ல தாதியும் மருத்துவிச்சியும் படிக்கிறதுக்கு இருந்த கடைசி வாசலும் மூடிச்சு. ஆம்பளை டாக்டர் தொடவும் கூடாது, பொம்பளை டாக்டர் உருவாகவும் கூடாது. அப்போ பிரசவத்துக்கு யார் வருவா? எங்க மிட்வைஃப் மிஸ் மழையில குடை பிடிச்சுக்கிட்டு லயம் லயமா ஏறி வரலன்னா என் ரெண்டாவது பிள்ளை இல்ல.

போன வருசக் கடைசியில வந்த ஜன்னல் உத்தரவையும் சொன்னேன். புதுசாக் கட்டுற வீட்டுல பக்கத்து வீட்டு முற்றமும் அடுப்படியும் கிணறும் தெரியற மாதிரி ஜன்னல் வைக்கக் கூடாது, பொம்பளைங்க தெரிவாங்களாம். பின் வரிசைப் பையன் ஒருத்தன் கையைத் தூக்கினான். "மிஸ், அப்போ எங்க லயத்தைக் கட்டினது தாலிபானா?"

வகுப்பே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். அவன் காம்பராவுல ஜன்னலே கிடையாது.

ஆகஸ்ட் 18

கிரிக்கெட் பேச்சு வந்தாச்சு. ஆப்கானிஸ்தான் அணியைத் தடை செய்யணுமா வேணாமா.

எனக்குத் தெளிவு இல்ல. 2024 பெப்ரவரி 9இல மருமகன் பல்லேகலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். நிஸ்ஸங்க 210 அடிச்ச மேட்ச். அதை எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு மறக்காதது அவங்க ஆட்டம். 55க்கு 5. சனம் எழும்பிப் போகத் தொடங்கிருச்சு. அப்புறம் ஓமர்சாயும் நபியும் நின்னாங்க பாருங்க. 149, 136. நம்ம பக்கத்துச் சனமே கை தட்டிச்சு. அவங்க கொடி அந்தப் பழைய கறுப்பு சிவப்பு பச்சைதான், தாலிபான் கொடி இல்ல. தாதிப் படிப்பை நிறுத்தினப்ப ரஷீத் கான் திறந்து எழுதினார், நபியும் எழுதினார். அவங்க குடும்பம் அங்க இருக்கிறப்ப அது சின்னக் காரியம் இல்ல.

ஆனா 2020இல ஒப்பந்தம் போட்ட 25 பெண் ஆட்டக்காரங்க? பெரும்பாலானவங்க அவுஸ்திரேலியாவுல. இந்த வருசம் ஜனவரி 30இல மெல்பர்ன்ல ஒண்ணாச் சேர்ந்து ஒரே ஒரு மேட்ச் விளையாடினாங்க. ஆப்கானிஸ்தான் பேருல, ஆனா நாட்டு அணிங்கிற அங்கீகாரம் இல்லாம. நாட்டு அணின்னு அவங்களை ஏத்துக்க ஐசிசிக்கு என்ன தடைன்னு எனக்குப் புரியல. ரஷீத் கானைத் தடுக்கிறதை விட அவங்களைச் சேர்க்கிறது முதல் வேலை. இப்போதைக்கு இப்படித்தான் நினைக்கிறேன். மாறலாம்.

செப்டம்பர் 5

ஆப்கானிஸ்தான் குனார்ல நிலநடுக்கம். ஆகஸ்ட் 31 நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னாடி. ரெண்டாயிரத்துக்கு மேல செத்துட்டாங்கன்னு இன்னைக்குச் செய்தி. மலையில மண் வீடு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. மீட்க வந்த ஆம்பளைங்க அந்நியப் பொம்பளையைத் தொடக் கூடாதுன்னு தயங்கி, பொம்பளைங்க இடிபாட்டுல கடைசி வரைக்கும் காத்திருந்ததா அங்க இருந்தவங்களே சொல்றாங்க.

2014 அக்டோபர் 29, நம்ம மீரியபெத்தை மண்சரிவு. நான் மூணாம் நாள் போனேன், பிள்ளைங்களுக்கு உடுப்பு கொண்டு. சேத்துல நின்னவங்க மண்வெட்டி, கை, சோத்துத் தட்டு, எது கிடைச்சுதோ அதால தோண்டினாங்க. ஆமிப் பையன்கள், பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க, ஒரு பிக்கு, ரெண்டு முஸ்லிம் கடைக்காரங்க. மண்ணுல ஒரு கை தெரிஞ்சா அது யாரோட கைன்னு யாரும் கேக்கல.

இதுக்கு மேல இன்னைக்கு எழுத வரல.

அக்டோபர் 2

செப்டம்பர் 29 சாயங்காலத்துல இருந்து ரெண்டு நாள் ஆப்கானிஸ்தான் முழுக்க இன்டர்நெட் இல்ல, போனும் இல்ல. நேத்துதான் திரும்ப வந்துச்சு.

இதை ஏன் தனியா எழுதுறேன்னா, பள்ளிக்கூடம் மூடினதுக்கு அப்புறம் அந்தப் பிள்ளைங்களுக்கு மிஞ்சினது ரெண்டே வழி. ஒண்ணு, யாரோ ஒரு டீச்சர் வீட்டுல கதவைச் சாத்திட்டு நடத்துற வகுப்பு. தையல் வகுப்புன்னு வெளிய சொல்லிக்குவாங்க. இன்னொண்ணு போன். வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் படிப்பிப்பார், இவ காதுல வயரை மாட்டிக்கிட்டுக் குறிப்பு எடுப்பா. கொரோனா காலத்துல நம்ம பிள்ளைங்க சிக்னலுக்காக மலை உச்சிக்கும் தண்ணித் தாங்கி மேலயும் ஏறினதைப் பார்த்தவங்க நாம. ரீலோட் போட அம்பது ரூபா இல்லாம வகுப்பு விட்ட பிள்ளைங்களும் இருந்தாங்க. ஆனா ஏறுனா சிக்னல் கிடைக்கும். அந்த ரெண்டு நாள் அங்க எந்த உச்சிக்கு ஏறினாலும் ஒண்ணும் இல்ல.

செப்டம்பர்லயே இன்னொண்ணும் நடந்துச்சு. பெண்கள் எழுதின புத்தகங்களைப் பல்கலைக்கழகப் பாடத்துல இருந்து தூக்கிட்டாங்க. வகுப்புல உக்காந்து படிக்கிறது ஆம்பளைங்க மட்டும்தான். அவங்க கையிலயும் ஒரு பெண் எழுதினது இருக்கக் கூடாதாம்.

அக்டோபர் 11

அந்தப் பத்தாம் ஆண்டுப் பிள்ளை என்ன ஆச்சுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. சப்பாத்து வாங்கினேன். வந்தா. ஜூலைக் கடைசியில இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் ஒரு நாள் தவறல. கணக்குல 61 எடுத்தா. போன வாரம் மறுபடி நின்னுட்டா. தாய்க்கு முதுகு பிடிச்சு மலைக்குப் போகல, கைக்காசு இல்ல, கொழும்புக்காரங்க மறுபடி ஆள் அனுப்பியிருக்காங்க.

கொட்டகலைத் தம்பி உள்பெட்டியில எழுதியிருக்கார். அவரோட அக்கா மகள் போன வருசம் சாதாரண தரம் எழுதினவளாம், குறிப்பு எல்லாம் கட்டி வச்சிருக்காளாம், அனுப்பவான்னு கேக்கிறார். அனுப்புங்க தம்பி. கணக்கும் விஞ்ஞானமும் முதல்ல. பஸ்ஸுல குடுத்து விட்டா ஹட்டன்ல நான் எடுத்துக்கிறேன்.

சனிக்கிழமை ரெண்டு மணி பஸ்ஸுல மேல் டிவிசனுக்குப் போறேன். மழை விட்டா பீலிக்கரை வழியா, இல்லன்னா ரோட்டைச் சுத்தி.